முகவரி வந்தது, வழி வந்ததா?

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சர்வரை நடத்துகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி, அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண், மத்தளம்பாறை சோஹோவில் வேலை பழகிவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய பையன் என்று பல ரகம். கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் எடுத்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் கேட்டு வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களில் அடிக்கடி வருவது ஒன்று உண்டு. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கூடுதலாக ஐபி முகவரிகள் வாங்கியிருப்பார்கள். பணம் கட்டியாயிற்று, சர்வரில் எழுதியும் ஆயிற்று. ஆனால் வெளியிலிருந்து ஒருவரும் அந்த முகவரிக்கு வந்து சேர முடியவில்லை.

“சார், ஐபி குடுத்துட்டாங்க. ஆனா பிங் போகவே மாட்டேங்கு.”

“எப்படிக் குடுத்தாங்க?”

“மெயில்ல குடுத்தாங்க சார்.”

இந்தப் பதிலை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. என்ன கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். கிடைத்தது எந்த வழியாக நம்மிடம் வந்து சேரும் என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. முகவரி என்பது ஓர் எண். அதை யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் எழுதிக்கொள்ளலாம். அந்த எண்ணைத் தேடி வரும் போக்குவரத்தை, நடுவில் நிற்கும் ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து நம் வாசலுக்குத் திருப்பிவிட்டால்தான் அது நம்முடையது. அந்தத் திருப்பிவிடும் வேலையை ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே மாதிரிச் செய்வதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆற்றங்கரைக்காரனான எனக்கு இதை விளக்கக் கால்வாயை விட நல்ல பாடம் கிடைத்ததில்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணி ஓடுவது ஏறத்தாழ 128 கிலோமீட்டர். குறுக்கே 8 அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். பாசனம் 86,107 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. இந்த ஏக்கர்கள் எல்லாம் ஒரே மாதிரித் தண்ணீர் வாங்குவதில்லை. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லை கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையோர வயல்கள் கால்வாயிலேயே மடை வைத்து நேராகப் பாய்கின்றன. மற்றவை நயினார்குளம் போன்ற குளங்களின் கீழ் இருப்பவை. கால்வாய் தண்ணீரைக் குளத்தில் கொண்டுபோய் விடுவதோடு சரி. அதன் பிறகு எந்த மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு முதலில் விடுவது என்பதெல்லாம் குளத்துக்காரர்கள் பொறுப்பு.

கூடுதல் ஐபி கொடுப்பதும் இந்த இரண்டு விதம்தான். நேரடிப் பாசனம் போல ஒவ்வொரு முகவரியையும் நிறுவனத்தின் ரவுட்டரே நேருக்கு நேர் தேடிப்பிடித்துக் கொடுக்கலாம். அல்லது, குளத்தில் விடுவது போல, முகவரித் தொகுதி முழுவதையும் நம் சர்வரின் முதன்மை முகவரியிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே பங்கிடுவதை நம்மிடமே விட்டுவிடலாம். முதல் விதத்தில் இருப்பவர் இரண்டாம் விதத்துக்கான அமைப்பைச் செய்தாலும், இரண்டாம் விதத்தில் இருப்பவர் முதல் விதத்துக்கான அமைப்பைச் செய்தாலும் ஒன்றும் நடக்காது. எல்லாம் சரியாக எழுதியிருந்தும் வேலை செய்யவில்லை என்று கிறுக்குப் பிடிப்பது இதனால்தான்.

கொடுப்பவர்களுக்கு ஏன் இத்தனை கணக்கு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஐபி முறையான நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளம். மொத்தமே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது தீராத செல்வம் போலத் தெரிந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக இருப்பின் கடைசித் தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டன. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ஏபிநிக்கின் பொது இருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று முடிந்தது. பிறகு கேட்டு வந்தவருக்கு ஆளுக்கு 1,024 முகவரி என்று கட்டுப்படுத்தினார்கள். 2019இல் அதையும் 512 ஆக்கினார்கள். நம் நாட்டில் 2012 முதல் இந்தப் பங்கீட்டை நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பின் கீழுள்ள ஐரின் பதிவகம் பார்த்துவருகிறது. 2011இல், முன்பே திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்தின் சொத்தில் கிடந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி விலைச்சரக்கானது பலருக்கு அன்றுதான் உறைத்தது.

இப்படித் தட்டுப்பாடான ஒன்றைத்தான் ஹோஸ்டிங் நிறுவனம் மாத வாடகைக்கு நமக்குத் தருகிறது. வாடகைக்குத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவகத்தின் ஏட்டில் அந்த எண்களுக்கு நேரே இருப்பது அவர்கள் பெயர். நிறுவனத்தை மாற்றினால் முகவரியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பதிவை மாற்றுவதென்றாலும் அவர்கள் வழியாகத்தான். முன்பு அதே முகவரியில் குடியிருந்தவர் குப்பை மெயில் அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியிருந்தால், அந்தப் பெயரும் கொஞ்ச நாள் நம்மோடு வரும். மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் முகவரி கைக்கு வந்த அன்றே தடைப்பட்டியல்களில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தொழில் அந்த முகவரியில் ஊன்றிய பிறகு கண்டுபிடித்தால், மாற்றிக் கேட்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

முதல் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பாடப் புத்தகங்களில் எழுதுவதற்கென்றே ஒதுக்கிய எண்களில் சொல்கிறேன். 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை 8 முகவரிகளை நிறுவனம் கொடுக்கிறது. /29 தொகுதி என்பார்கள். நிறுவனத்தின் ரவுட்டர் அதில் 203.0.113.9 என்ற எண்ணைத் தானே வைத்துக்கொண்டு கேட்வேயாக நிற்கிறது. வெளியிலிருந்து 203.0.113.12ஐத் தேடி ஒரு பொட்டலம் வந்தால், அந்தக் கம்பியில் இருக்கும் எல்லார் காதிலும் விழும்படி ரவுட்டர் கேட்கும்: 203.0.113.12 யார், 203.0.113.9க்குச் சொல்லுங்கள். ஏஆர்பி என்ற நெறிமுறை இது. 1982இல் எழுதப்பட்டு இன்றும் ஒவ்வொரு நொடியும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சர்வர் “நான்தான்” என்று தன் மேக் முகவரியை, அதாவது தன் வலைக்கருவிக்குரிய எண்ணை, சொல்ல வேண்டும். சொன்னால் பொட்டலம் வரும். சொல்லாவிட்டால் ரவுட்டர் சிலமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கைவிடும்.

இதில் தொகுதியின் முதல் எண் வலைக்கு, கடைசி எண் எல்லாருக்குமான அறிவிப்புக்கு, நடுவில் ஒன்று கேட்வேக்கு. எட்டு வாங்கினால் கைக்கு வருவது ஐந்துதான். “எட்டுக்குக் காசு வாங்கிட்டு அஞ்சுதான் தாராங்க” என்று கோபப்பட்ட பிள்ளைகள் உண்டு. கொடுக்கும் முறையை முன்னாலேயே கேட்டிருந்தால் அந்தக் கோபத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இந்த முறையில் கேள்வி பொதுவில் கேட்கப்படுகிறது. பதில் சொல்பவர் உண்மை சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. தனக்குரியதல்லாத முகவரிக்கு ஒரு சர்வர் “நான்தான்” என்று பதில் சொன்னால், உண்மைக்காரனுக்குப் போக வேண்டியது இவனிடம் வந்துவிடும். பக்கத்து வயல்காரன் அறியாமல் அவன் வாமடையை நம் பக்கம் வெட்டிவிடுகிற அதே காரியம். வேண்டுமென்று செய்பவர் குறைவு. அறியாமல் செய்பவரே அதிகம். அதனால்தான் நிறுவனங்கள் காவல் போட்டிருக்கின்றன. இந்தத் துளையில் இந்த மேக் முகவரிதான் பேசலாம், இந்த ஐபிகள்தான் வரலாம் என்று சுவிட்சில் எழுதி வைத்திருப்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் இந்தக் காவலில் மாட்டிக்கொண்டான். ஒரே சர்வருக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடுதல் முகவரி கொடுத்து, பிரிட்ஜ் முறையில் வெளிவலையோடு இணைத்துவிட்டான். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வோம், அங்கே அது சரிதான். ஆனால் பிரிட்ஜில் இணைத்த ஒவ்வொரு மெஷினும் தனக்கென்று ஒரு மேக் முகவரியோடு கம்பியில் பேச ஆரம்பிக்கும். நிறுவனத்தின் சுவிட்சுக்கு அவை முன்பின் தெரியாத முகங்கள். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை மெயில் வந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் எழுந்து பார்த்தால் சர்வரின் இணைப்பையே மூடியிருந்தார்கள். வாடிக்கையாளர்களின் தளங்கள் எல்லாம் படுத்துவிட்டன.

“நான் யாருக்கும் கெடுதல் செய்யலையே சார், நான் காசு கொடுத்து வாங்குன ஐபிதானே” என்று அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. நிறுவனம் செய்ததிலும் தப்பில்லை. அதே கம்பியில் இன்னும் எத்தனையோ பேருடைய பிழைப்பு இருக்கிறது. புதிய முகம் ஒன்று பேசும்போது அது நல்லவனா கெட்டவனா என்று சுவிட்சுக்குத் தெரியாது. நம்முடைய நல்ல எண்ணம் நமக்குத்தான் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு நம் நடத்தைதான் தெரியும். ஊரில் பொது வாய்க்காலை ஒட்டி வயல் வைத்திருப்பவர்கள் மண்வெட்டியோடு மடைப்பக்கம் போவதென்றால் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கம் இந்தத் தொழிலிலும் வேண்டும். அவனுக்கு வழி இல்லாமல் இல்லை. கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே அந்த முகவரிக்கென்று ஒரு மேக் முகவரியைக் கேட்டு வாங்கி, அதை மெஷினுக்கு வைத்திருக்கலாம். அல்லது பிரிட்ஜை விட்டுவிட்டு, சர்வரையே ரவுட்டராக நிறுத்தி எல்லாப் பேச்சையும் அதன் ஒரே முகத்தின் வழியாக நடத்தியிருக்கலாம். இரண்டும் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தன. மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இணைப்பு வந்தது.

இரண்டாம் விதம் எனக்குப் பிடித்தது. அதே எட்டு முகவரிகள். ஆனால் நிறுவனத்தின் ரவுட்டரில் ஒரே ஒரு வரி எழுதியிருப்பார்கள்: 203.0.113.8/29க்கு வருவதையெல்லாம் 198.51.100.20இடம் கொடு. 198.51.100.20 என்பது நம் சர்வரின் முதன்மை முகவரி. இப்போது ரவுட்டர் அந்த எட்டில் எதையும் கம்பியில் கூவித் தேடாது. அதற்குத் தெரிய வேண்டியது முதன்மை முகவரியின் மேக் ஒன்றுதான். பொட்டலம் நேராக நம் சர்வருக்கு வந்துவிடும். உள்ளே எந்த மெஷினுக்கு அனுப்புவது என்பது நம் வேலை. கேட்வேக்கும் அறிவிப்புக்கும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக /32 என்று வைத்துக்கொண்டால் எட்டும் நமக்கே. உள்ளே இருக்கும் மெஷின்களின் மேக் முகவரிகள் வெளியே தெரியவே தெரியாது.

குளம் நம் கைக்கு வந்தால் சுதந்திரம் வரும், கூடவே பொறுப்பும் வரும். முதன்மை முகவரி விழுந்தால் பின்னால் இருப்பவை எல்லாம் விழும். சர்வரின் கெர்னலில் பொட்டலத்தைக் கைமாற்றிவிடும் அனுமதியை நாம்தான் திறக்க வேண்டும். தீச்சுவரிலும் வழி விட வேண்டும். இவையெல்லாம் எல்லாரும் சொல்வது. அதிகம் பேர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் காரணம் தெரியாமல் நெட்வொர்க் சுமையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு முகவரி வாங்கி மூன்றைத்தான் பயன்படுத்துகிறோம் என்று வையுங்கள். மீதி ஐந்து சும்மா கிடக்கின்றன. ஆனால் உலகத்துக்கு அது தெரியாது. எந்நேரமும் எங்கிருந்தாவது யாராவது அந்த எண்களைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நிறுவனத்தின் ரவுட்டர் அந்தப் பொட்டலத்தை நம் சர்வருக்கு அனுப்பும். நம் சர்வரில் அந்த முகவரிக்கு இடம் எழுதப்படவில்லை. இடம் தெரியாததை எல்லாம் கேட்வேயிடம் அனுப்பு என்பதுதான் சர்வருக்கு நாம் சொல்லியிருக்கும் பொது விதி. ஆகவே அது திரும்ப நிறுவனத்தின் ரவுட்டருக்கே போகும். ரவுட்டர் மறுபடி நமக்கு அனுப்பும். பொட்டலத்தின் ஆயுள் எண் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒன்று குறைந்து பூச்சியம் ஆகும் வரை இருவருக்கும் நடுவே அது பந்தாடப்படும். ஒரே பொட்டலம் பத்துக்கணக்கில் போய்வந்து கம்பியை நிரப்பும். இதற்குத் தீர்வு ஒரே வரி. தொகுதி முழுவதற்கும் பொதுவாக ஒரு முடிவிடம் எழுதிவிட வேண்டும்: குறிப்பிட்டு இடம் சொல்லாதது எதுவும் இங்கேயே முடியட்டும் என்று. பிளாக்ஹோல் ரூட் என்பார்கள். பயன்படுத்தும் மூன்றுக்கும் தனி வழி இருப்பதால் அவை பாதிக்கப்படாது. மீதி அமைதியாக அங்கேயே நிற்கும்.

பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியை நான் அழுத்திச் சொல்வதுண்டு. நாம் ஏற்றுக்கொண்ட ஒன்றை இன்னும் பயன்படுத்தவில்லை என்பதால் அதன் பொறுப்பு நம்மிடம் வராமல் இருப்பதில்லை. குடும்பத்திலும் அலுவலகத்திலும் இதைப் பார்க்கிறேன். பேருக்குப் பொறுப்பை வாங்கி வைத்துக்கொண்டு, யாராவது கேட்டு வரும்போது மேலே கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். மேலே இருப்பவர் கீழே அனுப்புவார். கேட்டு வந்தவர்தான் அலைவார். “முடியாது” என்று ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார்.

முகவரி இடம் மாறுவதும் உண்டு. ஒரு சர்வர் படுத்தால் அதன் முகவரியை இன்னொரு சர்வருக்கு மாற்றிக்கொள்ளும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. ஒப்படைக்கும் முறையில் இது சுலபம். ரவுட்டரில் உள்ள அந்த ஒரு வரி மாறினால் போதும். நேரடி முறையில், பழைய சர்வர் முன்பு “நான்தான்” என்று சொன்னது ரவுட்டரின் நினைவில் இருக்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் நாம் மாற்றாவிட்டால் அந்த நினைவு 4 மணி நேரம். புதிய சர்வர் பொறுப்பேற்ற உடனே, யாரும் கேட்காமலே, “இனிமேல் இந்த முகவரி என்னிடம்” என்று அறிவித்துவிட வேண்டும். நல்ல மென்பொருள்கள் இதைத் தானே செய்கின்றன. கையால் மாற்றுகிறவர்கள்தான் மறந்துவிட்டு, புதிய சர்வர் சரியாக இருந்தும் ஏன் ஆள் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு கம்பிக்குள் நடக்கும் இதே கதைதான் உலகளவிலும். நம் நிறுவனம் “இந்தத் தொகுதி எங்களிடம்” என்று பக்கத்து வலையமைப்புகளுக்குச் சொல்ல, அவை அடுத்தவற்றுக்குச் சொல்ல, அப்படியே உலகம் முழுக்கப் பரவுகிறது. பிஜிபி என்பது அந்தச் சொல்வழி. பொதுவாக 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியை உலகம் ஏற்றுக்கொள்ளாது. அதனால்தான் நம் எட்டு முகவரிகள் நிறுவனத்தின் பெரிய தொகுதிக்குள் அடங்கியே வெளியே தெரிகின்றன. இரண்டு அறிவிப்புகள் வந்தால் குறுகிய தொகுதியைச் சொல்வது எதுவோ அதையே ரவுட்டர்கள் நம்பும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக, யூடியூபின் 1,024 முகவரித் தொகுதிக்குள் இருந்த 256ஐத் தன்னிடம் இருப்பதாக எழுதியது. உள்ளே நிற்க வேண்டிய அந்த வரி வெளியே கசிந்தது. மேலே இருந்த நிறுவனம் சரிபார்க்காமல் உலகத்துக்குக் கடத்தியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் இல்லை. சொல்பவர் கவனம் பாதி என்றால், கேட்டு மேலே கடத்துகிறவர் கவனம் மீதிப் பாதி. இப்போது ஆர்பிகேஐ என்ற கையொப்ப முறையில், இந்தத் தொகுதியை அறிவிக்க உரிமை யாருக்கு என்று பதிவகத்திடம் சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் பரவிவருகிறது. முகவரியைப் பெருமளவில் வாங்குகிறவர்கள் அந்தக் கையொப்பம் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

வரும் வழியைப் பற்றியே பேசுகிறோம். போகும் வழியும் உண்டு. ஒரு சர்வருக்கு இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருந்தால், ஒருவர் கொடுத்த முகவரியைப் பெயராகப் போட்டுக்கொண்டு மற்றவர் வழியாகப் பதில் அனுப்பக்கூடாது. தன் வாடிக்கையாளருக்குத் தராத முகவரியோடு வெளியேறும் எதையும் நிறுத்திவிட வேண்டும் என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பொய் முகவரியிட்ட தாக்குதல்களைத் தடுக்க வந்த நல்ல விதி அது. எந்த வாசலில் கேள்வி வந்ததோ அந்த வாசல் வழியாகவே பதில் போகும்படி தனி ரூட்டிங் அட்டவணை வைத்துக்கொள்வது முறை.

புதிய ஆறாம் பதிப்பு வந்துவிட்டதே, இனி இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். முகவரி 128 பிட் ஆகிவிட்டது. ஒரு சர்வருக்கே /64 என்று ஒரு தொகுதி தருகிறார்கள். அதற்குள் இருக்கும் எண்கள், பழைய இணையம் முழுவதிலும் இருந்ததைப் போல 429 கோடி மடங்கு. ஆனால் அந்த /64 எப்படிக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. சில நிறுவனங்கள் அதைக் கம்பியில் கூவித் தேடும் முறையிலேயே வைத்திருக்கின்றன. ஏஆர்பிக்குப் பதில் வேறு நெறிமுறை, அவ்வளவுதான். உள்ளே பத்து மெஷின் வைத்து முகவரி பிரித்துக் கொடுத்தவர், ரவுட்டர் தேடும்போது பத்துக்கும் சேர்த்து சர்வரே பதில் சொல்லும்படி தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். எண்ண முடியாத அளவு முகவரி கையில் இருந்தும் ஒன்றுக்குக்கூட ஆள் வராமல் போன கதை நிறைய. பாபநாசம் அணை நிரம்பிய வருடத்திலும் கடைமடை காய்ந்த கதைகளை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மழையின் அளவு ஒன்று, தூர்வாரிய கால்வாய் இன்னொன்று.

எப்படிக் கொடுத்தார்கள் என்று சொல்ல நிறுவனத்துக்கு நேரமில்லை, உதவிப் பக்கமும் தெளிவாக இல்லை என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். சர்வரில், வந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, செல்பேசி இணைப்பிலிருந்து அந்தப் புதிய முகவரிக்கு பிங் அனுப்புங்கள். திரையில் புதிய முகவரி யார் என்று கேட்கும் ஏஆர்பி வரி ஓடினால் அது நேரடி முறை. பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கேள்வியே இல்லாமல் பிங் பொட்டலம் நேராக வந்து விழுந்தால் அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளே பங்கிடுங்கள். இரண்டும் வராவிட்டால் உங்கள் சர்வரில் எதையும் மாற்றிக் குழப்பாதீர்கள். தண்ணீர் இன்னும் உங்கள் கால்வாய்க்கே வரவில்லை. டிக்கெட் போட்டுக் கேளுங்கள்.

கேட்பதற்குத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அம்பாசமுத்திரத்துப் பெண் போன மாதம் ஒரு தொகுதி வாங்கும் முன் நிறுவனத்துக்கு எழுதிய மெயிலை என்னிடம் காட்டினாள். இந்தத் தொகுதி என் முதன்மை முகவரிக்கு ரூட் செய்யப்படுமா, கம்பியிலேயே வைக்கப்படுமா, கம்பியில் என்றால் கேட்வே எது, விர்ச்சுவல் மெஷினுக்குத் தனி மேக் வாங்க வேண்டுமா என்று நாலே வரி. அரை நாளில் பதில் வந்தது: முதன்மை முகவரிக்கு ரூட் செய்யப்படும், மேக் தேவையில்லை. அவள் அன்று மாலையே பிளாக்ஹோல் வரியையும் சேர்த்து எழுதி, இரண்டு மெயில் சர்வர்களை ஏற்றிவிட்டாள். அந்த நாலு வரியைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.